கூடாரமும் பாவும்



தியானப் பகுதி: ஏசாயா 38-ம் அதிகாரம்

நம் சபையார் மாமல்லபுரம் கடற்கரை ஓரம், சவுக்குத் தோப்பில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கி, ஜெபித்துவிட்டு வந்தோம். வர முடியாத சிலர், "என்ன பாஸ்டரய்யா, பிக்னிக் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். தறியில் உட்கார்ந்தால்தான் கூலி. மூன்று நாள் தறி நின்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று ஆரணியில் எல்லாருக்கும் தெரியும். அப்படியிருக்க ஏன் போனோம்?

அப்போஸ்தலர் 21-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பவுல் தீரு பட்டணத்தில் 7 நாள் தங்கிப் புறப்படுகிறார். சீஷர்கள் மனைவி பிள்ளைகளோடு பட்டணத்துக்கு வெளியே வந்து, கடற்கரையில் எல்லாரும் முழங்கால்படியிட்டு ஜெபிக்கிறார்கள். அது பிக்னிக் அல்ல, தேவபிள்ளையே! பிரிகிறவர்களின் ஜெபம். அவர்கள் மறுபடியும் பவுலைப் பார்த்ததாக வேதம் சொல்லவில்லை. நேரம் குறுகினது என்று தெரிந்தவர்கள் மணல் என்று பார்க்கமாட்டார்கள், முழங்கால் போடுவார்கள்.

1. மணலில் முளை நிற்காது

வந்தவாசி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக வேனில் போய்ச் சேர்ந்தோம். வாலிபர்கள் சவுக்குக் கம்பு நட்டு, தார்ப்பாய் போட்டு, முளை அடித்துக் கயிறு கட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நள்ளிரவில் காற்று எழும்பினது. முளைகள் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தன. தார்ப்பாய் தலைமேல் விழுந்தது. தாய்மார் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

காலையில் ஒரு மீனவ சகோதரன் பார்த்துச் சிரித்தார். "மணல்ல முளை நிக்காதுங்க ஐயா. மூட்டையில மணலை ரொப்பி, ஆழமா குழி தோண்டிப் புதைச்சு, அதுல கயித்தைக் கட்டுங்க" என்றார். அப்படியே செய்தோம். அடுத்த இரவும் அதே காற்று, அதே தார்ப்பாய். கூடாரம் நின்றது!

மேலே அடித்த பக்தி ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நிற்கும். கைதட்டுகிறோம், அந்நிய பாஷை பேசுகிறோம், ஸ்தோத்திரம்! ஆனால் காற்று வருகிற இரவு ஒன்று உண்டு. புதைந்திருப்பது எது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

2. கல்லும் நிலையல்ல

மாமல்லபுரத்தில் பல்லவ ராஜாக்கள் ஏறக்குறைய 1,300 வருஷத்துக்கு முன் கல்லிலே கட்டினவை இன்றும் நிற்கின்றன. ஆனாலும் கடலோரக் கல்லை உப்புக்காற்று அரிக்கிறது. அதைத் தடுக்கக் கரையில் பாறைகளைக் கொட்டி, மரம் நட்டுக் காக்கிறார்கள். கல்லுக்கே காவல் வேண்டியிருக்கிறது!

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. அதே கரையில் கடல் பின்வாங்கிப் போய், மூடிக் கிடந்த பாறைகள் வெளியே தெரிந்தன. பிறகு அலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்கள் நம்மைவிடப் பாவிகள் என்று நினைக்காதீர்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றி இயேசு சொன்னதை லூக்கா 13-ல் வாசியுங்கள். மரித்தவர்களைக் குற்றப்படுத்தாமல், உயிரோடிருக்கிற நம்மைத்தான் மனந்திரும்பச் சொன்னார்.

3. பாவு அறுக்கப்படும் நாள்

இரண்டாம் நாள் காலை ஏசாயா 38-ஐ வாசித்தோம். எசேக்கியா ராஜா மரணப் படுக்கையில் இருக்கிறான். 12-ம் வசனத்தில் தன் ஆயுசை இரண்டு காரியங்களுக்கு ஒப்பிடுகிறான். ஒன்று, மேய்ப்பன் பிடுங்கிக்கொண்டு போகிற கூடாரம். மற்றொன்று, நெசவாளி தறியிலிருந்து அறுத்தெடுக்கிற பாவு. ராஜா அரமனையில் படுத்துக்கொண்டு நம் தெருப் பேச்சைப் பேசுகிறான், பாருங்கள்!

எங்களோடு வந்த ஒரு பெரியவர், சின்ன வயதிலிருந்தே குழித்தறியில் இருக்கிறவர், அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். கணுக்கால் தண்ணீரில் வெகுநேரம் நின்றார்.

"பாஸ்டரய்யா, இது ஓயவே ஓயாதா?"

"ஓயாதுப்பா."

"நம்ம தறி ஓயுதே" என்றார்.

வசனம் வாசித்தபோது அவர் தேம்பி அழுதார். தம்பியோடு 11 வருஷமாய்ப் பேச்சில்லை. வீட்டைப் பிரித்தபோது தறி போடும் இடத்துக்காக வந்த சண்டை. இருவரும் நம் சபையார். ஒருவர் வலதுபக்கம் உட்காருவார், மற்றவர் இடதுபக்கம். இருவர் கையிலும் நான் திருவிருந்து கொடுத்திருக்கிறேன்.

பிரியமானவர்களே, இங்கே என் குற்றத்தை அறிக்கையிடுகிறேன். அந்தச் சண்டை எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு சபையை விட்டுப் போய்விடுவாரோ, காணிக்கை குறையுமோ என்று பயந்தேன். 11 வருஷம்! அந்தக் கடற்கரையில் அவர் அழுததைக் கண்டு ஆவியானவர் என்னைத்தான் முதலில் குத்தினார். அவரோடு நானும் மணலில் முழங்கால் போட்டேன்.

ஊர் திரும்பினதும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. பையைத் தோளில் மாட்டினபடியே தம்பி வீட்டு வாசலில் போய் நின்றார். "டேய், உள்ள வரலாமாடா?" என்று கேட்டார். அவ்வளவுதான். தம்பி தறியை விட்டு எழுந்து வந்து அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டார். தேவனுக்கே மகிமை!

4. கூட்டிக் கொடுத்த நாட்கள்

எசேக்கியாவின் கண்ணீரைக் கண்டு கர்த்தர் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். அந்த வருஷங்களில் அவன் என்ன நெய்தான்? அடுத்த அதிகாரத்தைப் பாருங்கள். பாபிலோனிலிருந்து வந்தவர்களுக்குப் பொக்கிஷசாலையைத் திறந்து காட்டிப் பெருமைப்பட்டான். சுகம் கிடைத்தும் விழிப்பு இல்லை. நமக்கும் நாள் கூடியிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! கூடின நாளை என்ன செய்தோம்?

பட்டு நெய்கிறவர்களே, உங்களுக்குத் தெரியாததல்ல. பழைய பாவு தீருமுன், அதன் நுனி அச்சில் இருக்கும்போதே, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாய் முறுக்கி இணைக்கிறீர்கள். முழுக்க உருவிப் போனபின் எதோடு இணைப்பது? ஜீவனின் நுனி இன்னும் தறியில் இருக்கிறது. இன்றைக்கே கிறிஸ்துவோடு இணைத்துக்கொள்ளுங்கள். பேசாதவர் யாராவது இருந்தால், இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு அவர் வாசலுக்குப் போங்கள். முடியாவிட்டால் என்னிடம் வாருங்கள், நானும் கூட வருகிறேன். இனி நான் மௌனமாயிரேன்.

நம் கூடாரம் ஒருநாள் பெயர்ந்துபோகும். ஆனால் கைவேலையல்லாத நித்திய வீடு பரலோகத்தில் நமக்கு உண்டு (2 கொரிந்தியர் 5:1). அல்லேலூயா!

ஜெபம்: அன்பின் பிதாவே, என் நாட்கள் உம்முடைய கையில் இருக்கிறது. நான் மறைத்து வைத்த கசப்பை எடுத்துப்போடும். பாவு அறுபடுமுன் என்னைச் சீர்ப்படுத்தும். உமது ஆவியினால் என்னை ஆழமாய் நாட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன். ஆமென்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்