கன்னத்தைத் தொட்ட கை

“தண்ணி நெறைய குடிக்கிறேன், வேற ஒண்ணுமில்ல” என்றார் அண்ணி. கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்த நேரம். “என்ன அண்ணி, மொகம் இப்படித் தெளிஞ்சிருக்கு?” என்று கேட்டவர் என் பெரியம்மா மகளான அக்கா. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பதிலைக் கேட்டதும் அக்காவின் கை தன்னிச்சையாக எழுந்து தன் கன்னத்தைத் தொட்டது. அந்தக் கைதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

அண்ணிக்குத் துணையாகத் தோல் மருத்துவரிடம் போனவள் நான். பாலிலாக்டிக் அமிலத் துகள்களை நீரில் கலந்து கன்னத்தில் ஊசியாகப் போட்டார்கள். தானே கரையும் தையல் நூல்களிலும் இந்த வகைப் பொருள்தான். அன்று மாலை கன்னம் பூரித்திருந்தது. சில நாளில் நீர் வற்றியதும் பழைய முகமே திரும்பியது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு ஐந்து தடவை, ஐந்து நாள் என்று கன்னத்தை நீவிவிடச் சொல்லியிருந்தார் மருத்துவர். சமையலறையில் குக்கர் விசிலுக்குக் காத்துக்கொண்டே அண்ணி நீவுவார். உள்ளே அந்நியத் துகளைக் கண்ட உடல் அதைச் சுற்றி மெல்ல மெல்லக் கொலாஜன் நாரைப் பின்னுகிறது. அதற்கு மாதங்கள் ஆகும். துகள் கரைந்துபோகும், நார் நிற்கும். கூடவே இருக்கும் அண்ணனுக்கே தெரியவில்லை. வளர்ந்தது அண்ணியின் சொந்தச் சதை. அதைப் பொய் முகம் என்று என்னால் சொல்ல முடியாது.

பொய் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. அதை வாங்கிக்கொண்ட கை, ‘அப்போ என் முகத்துக்கு மட்டும் என்ன கேடு?’ என்று தேடியதுபோல எனக்குப் பட்டது.

எங்கள் அப்பத்தா கொல்லைப்புறக் கல்லில் மஞ்சள் இழைப்பாள். தாடையோரம் மஞ்சள் திட்டாக நிற்க, அப்படியே கடைக்குப் போவாள். யாராவது விசாரித்தால் கிழங்கில் பாதியை ஒடித்துக் கையில் வைத்துவிடுவாள். அண்ணியால் எதை ஒடித்துக் கொடுக்க முடியும்? உண்மையைச் சொன்னாலும் அந்தச் செலவு அக்கா வீட்டுக்குத் தாங்காது. அதற்காகச் சொல்லாமலே இருப்பது சரியாகிவிடுமா என்றும் தோன்றுகிறது.

இந்த ஊசியின் பூர்வகதையை முன்பு எங்கோ வாசித்தேன். அமெரிக்காவில் 2004இல் இதற்கு முதலில் அனுமதி கிடைத்தது எச்.ஐ.வி. உள்ளவர்களின் ஒட்டிப்போன கன்னங்களுக்காக. சுருக்கம் போக்கும் அழகுச் சிகிச்சைக்கு 2009இல்தான் அனுமதித்தார்கள். அதே 2004 ஏப்ரலில் இந்திய அரசு எச்.ஐ.வி.க்கு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனையும் தொடக்க மையங்களில் ஒன்று. அன்றைய மருந்துகளில் ஸ்டாவுடின் உண்டு. உயிரைக் காத்த அதுவே பலருக்குக் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்தது. நோயை மறைத்து வாழ்ந்தவரை முகமே காட்டிக்கொடுத்தது. வேலை, வாடகை வீடு, பெண்ணின் கல்யாணம் எல்லாமே அந்தக் குழியில் விழக்கூடிய காலம் அது.

அப்படி ஒருவர் கன்னம் நிரம்பி வந்து, “தண்ணி நெறைய குடிக்கிறேன்” என்று சொல்லியிருந்தால் நான் மனசார மகிழ்ந்திருப்பேன். அந்தப் பொய்யில் எனக்கு ஒரு குறையும் தெரிந்திராது. அண்ணி சொல்லும்போது மட்டும் ஏன் உறுத்துகிறது? அவருக்கு உயிர்ப் பயம் இல்லை, சரி. ஆனால் “வயசாயிடுச்சே, ரொம்ப வாடிட்டியே” என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் சொந்தபந்தங்களுக்கு நடுவில்தான் அவரும் வாழ்கிறார். “இதுக்குப் போயி காசா?” என்ற அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்.

எவ்வளவு பெரிய பயம் இருந்தால் மறைக்கலாம் என்று அளந்து சொல்ல நான் யார்? அதே சமயம், அக்காவுக்கும் ஒரு நேரான பதில் சேர வேண்டியதுதான். அதை நானே சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். அது அண்ணியின் ரகசியம் என்று உடனே தோன்றுகிறது. எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.