விழக் கற்றுத் தரலாமா?

விமானம் சுழன்றுகொண்டே கீழே விழுகிறது. முன் கண்ணாடி முழுக்க பூமி. ஸ்டிக் உங்கள் கையில். என்ன செய்வீர்கள்? பின்னால் இழுப்பீர்கள். நானும்தான் இழுப்பேன். மூக்கு மேலே வர வேண்டாமா?

அங்கேதான் சார் எமன் உட்கார்ந்திருக்கிறான். இழுக்க இழுக்கச் சுழற்சி நிற்காது. என்ஜின் வேகத்தைக் குறைத்து, சுழலும் திசைக்கு எதிர்ப்பக்க ரடர் பெடலை மிதித்து, ஸ்டிக்கை முன்னால் தள்ள வேண்டும். விழுந்துகொண்டிருப்பவன் இன்னும் கீழ்நோக்கித் தள்ள வேண்டும்! இதற்கு 'ஸ்பின்' என்று பெயர். புத்தகத்தில் படித்து வருகிற வித்தையில்லை இது. உடம்புக்குப் பழக வேண்டும்.

1917-ல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் மேஜர் ஸ்மித்-பாரி இதைத்தான் செய்தார். ஆவ்ரோ 504 விமானத்தில் இருவருக்கும் கன்ட்ரோல், பேசிக்கொள்ள ஒரு குழாய். மாணவனை வேண்டுமென்றே சிக்கலில் மாட்டவைத்து, வெளியே வரச் சொல்லித் தந்து, 'இப்போ தனியாப் போய் இதையே செஞ்சுட்டு வா' என்று அனுப்பினார்.

கைதட்டத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். 1949-ல் அமெரிக்கா, சாதாரண பைலட் லைசென்ஸுக்கு ஸ்பின் பயிற்சி கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது. பயிற்சியிலேயே செத்தவர்கள் இருந்தார்கள். ஸ்பின் வருவதற்கு முந்தைய அறிகுறியைக் கண்டு தவிர்க்கக் கற்றுக்கொடுத்தால் போதாதா என்றார்கள். அதன் பிறகு இந்த வகை விபத்துகளின் பங்கு குறையத்தான் செய்தது. காரணமும் இருக்கிறது. தரையிறங்கத் திரும்பும்போது சில நூறு அடி உயரத்தில் ஸ்பின் வந்தால், வித்தை தெரிந்தும் பிரயோஜனமில்லை. மீள உயரம் பாக்கியிருக்காது.

பி.காம். படித்த எனக்கு உறுத்துவது வேறு கணக்கு. பயிற்சியில் இறந்தவனுக்குப் பெயர் உண்டு, அழ அம்மா உண்டு. பயிற்சியால் பிழைத்தவன் வீட்டுக்குப் போய் ரசம் சாதம் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். எந்தப் பேரேட்டிலும் வரமாட்டான். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே 50 பேர். ஜூனில் அட்லாண்டிக் கடலில் ஏர் பிரான்ஸ் 447-ல் 228 பேர். இரண்டிலும் இறக்கை காற்றின் பிடியை இழந்தபோது விமானிகள் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார்கள். உங்களையும் என்னையும் போல. அதற்குப் பிறகுதான் அமெரிக்க ஏர்லைன் பைலட்டுகளுக்கு, நிலைகுலைந்த விமானத்தை மீட்கும் பயிற்சி கட்டாயமானது.

சரி, ஒருவனைக் காப்பாற்றுவதற்காக அவனை ஆபத்தில் தள்ளும் உரிமை வாத்தியாருக்கு உண்டா? உண்டு என்பேன். காரணம், வாத்தியாரும் அதே விமானத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். தப்பினால் இருவரும், விழுந்தால் இருவரும். (ஷேர் டிப்ஸ் கொடுப்பவர்கள் கவனிக்க.)

ஆனால் அந்த உரிமை எது வரைக்கும்? மாணவன் தப்பான பெடலை மிதிக்கிறான். உயரம் குறைகிறது. வாத்தியார் உடனே பிடுங்கினால் பையன் ஒன்றும் கற்றிருக்க மாட்டான். பயம் மட்டும் மிஞ்சும். இன்னொரு சுற்று விட்டுப்பிடித்தால் தானே திருத்திக்கொள்ளலாம். திருத்தாமலும் போகலாம். அதனால் நல்ல வாத்தியார்கள் இந்த முடிவை ஆகாயத்துக்கு விட்டுவைப்பதில்லை. சில ஆயிரம் அடி உயரம் ஏறிய பிறகே ஆரம்பிக்கிறார்கள். இன்ன உயரம் வந்தால் நான் வாங்கிக்கொள்வேன், நீ கையை எடுத்துவிட வேண்டும் என்று தரையிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். மேலே போனபின் அதில் பேரம் கிடையாது.