ஆடையற்ற உடலும் கலைஞனின் தனித்துவமும்

கலை விமரிசனத்திற் பெரிதும் போற்றப்படும் சொற்களுள் 'தனித்துவம்' என்பதும் ஒன்று. கவிஞன் தன் நடையைச் சொற்களாற் சமைக்கிறான். சொற்களுக்கு வலியில்லை, நாணமுமில்லை. ஆனால் ஆடையற்ற மனித உடலைப் பொருளாகக் கொள்ளும் புகைப்படக் கலைஞனோ, தன் நடையை இன்னொருவரின் உடலைக்கொண்டே உருவாக்க வேண்டியவனாகிறான். எனவே, அவனைப் பொறுத்தவரை தனித்துவம் அழகியற் பிரச்சினை மட்டுந்தானா, அல்லது ஓர் அறவியற் பிரச்சினையுமா என்ற வினா எழுகின்றது.

இவ்வினாவை ஆராயக் கொழும்பு வாசிகளாகிய நாம் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. 1900ஆம் ஆண்டு பிறந்த லயனல் வென்ட், இலண்டனிற் சட்டமும் பியானோவும் பயின்று 1924இல் நாடு திரும்பியவர். 1934இல் பசில் றைற் இயக்கிய 'இலங்கையின் கீதம்' என்ற ஆவணப்படத்தில் ஒலிப்பது அவருடைய குரலே. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலிய ஓவியர்களை ஒன்றிணைத்த '43 குழுவின் தோற்றத்தில் முன்னின்ற அவர், மறு ஆண்டே, 1944இல், காலமானார். 1953இல் திறக்கப்பட்ட, அவர் பெயர் தாங்கிய கலை மண்டபத்தில் நாடகம் பார்த்தோர் பலர். அவர் எடுத்த ஆடையற்ற ஆண்களின் படங்களைப் பார்த்தோர் சிலரே.

வென்டின் நடையை அவரது நுட்பத்தோடு ஒன்றாக்கிப் பேசுவோருளர். படம் துலங்கிவரும் வேளையில் அதன்மீது மீண்டும் ஒளியைப் பாய்ச்சினால் ஒளியும் நிழலும் ஓரளவு இடம்மாறும்; உருவத்தின் விளிம்பில் ஒரு கோடு தோன்றும். இம்முறையை அவர் திறம்படக் கையாண்டார். ஆயினும் பாரிசில் மான் றேயும் இதே முறையைக் கையாண்டவரே. கற்றுக்கொள்ளத்தக்க நுட்பம் ஒருவருக்கே உரிய நடையாகாது. குடியேற்றக்காலப் புகைப்பட நிலையங்கள் இந்நாட்டு மக்களை இனமாகவும் தொழிலாகவும் வகைப்படுத்திப் படமெடுத்து விற்றன. வென்டோ அதே மக்களின் உடலை வியப்போடும் விருப்போடும் நோக்கினார். அந்நோக்கே அவரது தனித்துவம் எனலாம்.

எனினும், நோக்கியவரின் பெயர் மண்டபமாக நிலைத்திருக்க, நோக்கப்பட்டோரிற் பலரின் பெயர்கள் படங்களோடு நிலைக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. கெனத் கிளார்க் 1956இல் வெளியிட்ட நூலில், வெறும் அம்மணம் வேறு, கலையாகிய நிர்வாணம் வேறு என வகுத்து, பின்னதையே உயர்த்தினார். ஜோன் பேர்ஜர் 1972இல் அவ்வாதத்தைத் தலைகீழாக்கினார்: அம்மணத்தில் மனிதன் தானாக இருக்கிறான், நிர்வாணத்திலோ பிறர் பார்வைக்குரிய பொருளாகிறான் என்பது அவர் கருத்து.

ஆடையற்ற உடல் நம் மரபுக்கு அந்நியமானது என்போர், கொழும்பு நூதனசாலைக்குச் சென்று, பொலன்னறுவையிற் கண்டெடுக்கப்பட்ட காரைக்காலம்மையாரின் வெண்கலச் சிற்பத்தைக் காண்பார்களாக. வற்றிய மார்பும் துருத்திய எலும்புமாக, கையில் தாளமேந்தி அமர்ந்திருக்கும் அவ்வடிவில் கூச்சத்தின் சாயலே இல்லை. காரணம், அது அவர் தாமே இறைவனிடம் வேண்டிப் பெற்ற வடிவம் என்கிறது நம் மரபு. ஆக, உடல் மறைந்திருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதன்று வினா. திறக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே வினா.

இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு நடந்த ஒருநாள், வண்டியிழுத்துச் சென்ற நாட்டாமி ஒருவரின் வெற்று முதுகைக் கமராவில் எடுத்தேன். வியர்வையில் வெயில் மின்னிய அப்படத்தைக் கண்ட நண்பர்கள், எனக்கென ஒரு பாணி அமைந்துவிட்டதென்றனர். பெருமையோடு அதை அவரிடமே கொண்டுசென்று காட்டினேன். நெடுநேரம் உற்றுப் பார்த்தவர், "தம்பி, இதுல நான் எங்க?" என்று கேட்டார். விடை சொல்ல என்னால் இயலவில்லை. முகத்தை நீக்கியதையே நான் என் பாணியெனக் கருதியிருந்தேன்.

சம்மதம் பெற்றால் போதுமே என ஒருவர் வாதிடலாம். அது அவசியமே, ஆனால் போதுமானதன்று. வசதி படைத்தவன் கேட்கும்போது, அன்றாடங்காய்ச்சியால் மறுக்க முடியுமா? மறுத்தற்கு இடமில்லாத சம்மதம் அரைச் சம்மதமே. ஆகவே எடுத்த படத்தை முதலில் அவருக்கே காட்டுதல், வேண்டாமென்றால் அழித்தல், அவர் விரும்பின் பெயரிடுதல் ஆகியன கலைக்குப் புறம்பான சம்பிரதாயங்களல்ல. கலைஞன் எங்கே நிற்கிறான், எதைக் காட்டுகிறான், எதை விடுகிறான் என்பவற்றை அவை மாற்றுகின்றன. நடை என்பது அம்முடிவுகளின் தொகுதியன்றி வேறென்ன?

இதனால் வென்டின் படங்களை ஒதுக்கிவிட வேண்டுமென்பதன்று என் கருத்து. அவற்றின் அழகு மெய்யானது. அவ்வழகில் பெயரறியாத மனிதர்களுக்குள்ள பங்கும் மெய்யானது. ஒன்றை ஏற்று மற்றதை மறப்பது நேர்மையாகாது.

அந்த நாட்டாமியை மீண்டும் சந்தித்து, இம்முறை அனுமதி கேட்டேன். சட்டையணிந்து, தலைவாரி, நேரே பார்த்து நின்றார். நண்பர்கள் அப்படத்திற் பாணி எதுவுமில்லை என்கின்றனர். அதன் பிரதியொன்று அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.