நோயாளியின் மனமா, பார்ப்பவர் மனமா?



கொல்லம் ஆண்டு 1008 மாசி மாதம், அதாவது 1833-இல், நோயுற்ற உடலோடு இருந்த முத்துக்குட்டியைத் தாய் வெயிலாள் திருச்செந்தூருக்கு அழைத்துச் சென்றதும், கடலுக்குள் போனவர் வைகுண்டராக வெளிவந்ததும் அன்புக்கொடி மக்கள் அனைவரும் அறிந்த வரலாறு. திருஏடு வாசிப்பில் அந்தக் கட்டம் வரும்போது அவதார மகிமையில் எல்லாருடைய உள்ளமும் நிறைந்து விடுகிறது. அதற்கு முன்பு அந்த உடல் நோயில் கிடந்த நாட்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் நின்று யோசிக்க வேண்டிய இடம் அதுதான். நோயுள்ள உடல் தீட்டு என்றால், நோய் வந்தவன் பாவி என்றால், நாராயணர் வைகுண்டராக வருவதற்கு நோயில் கிடந்த ஓர் உடல் எப்படி இடமாயிற்று?

இந்தக் கேள்வியை இன்று எழுப்ப ஒரு காரணம் உண்டு. எல்லா நோயும் மனத்திலிருந்துதான் வருகிறது என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. மனம் சுத்தமானால் உடல் சுத்தமாகும், அய்யாமேல் உறுதியான நம்பிக்கை இருந்தால் பிணி அண்டாது என்று அன்பர்களும் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் படுக்கையில் கிடப்பவர் காதில் அதே சொல் வேறு விதமாக விழுகிறது. உனக்கு நோய் வந்ததே உன் மனம் கெட்டதால்தான், நம்பிக்கை குறைந்ததால்தான் என்று அவர் கேட்டுக்கொள்கிறார். உடல் வலியோடு குற்றச்சாட்டையும் சேர்த்து அவர் சுமக்க வேண்டியிருக்கிறது.

மனம் உடலைப் பாதிப்பது உண்மைதான். யாருடைய மனம், யாருடைய உடலை என்பதைத்தான் தெளிவாகப் பார்க்க வேண்டும். அதற்கு உதவும் ஊர் ஒன்று சென்னைப் பக்கத்து அன்பர்களின் வழியிலேயே இருக்கிறது. மாசி 20 அவதார தினத்துக்காக சாமிதோப்புக்கு ரயில் ஏறுகிறவர்கள் செங்கல்பட்டைத் தாண்டித்தான் போகிறார்கள். அந்த நகரத்தை ஒட்டி இருக்கிறது திருமணி. அங்கே லேடி வில்லிங்டன் பெயரால் நடந்துவந்த தொழுநோய் மருத்துவமனையை 1955-இல் மத்திய அரசு ஏற்று, மத்திய தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது. சுற்றுவட்டாரத்தில் பல காலமாகத் திருமணி என்ற பெயரைச் சொன்னாலே மக்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பெருநோய் என்ற சொல்லைக்கூட வாயால் சொல்லத் தயங்கிய காலம் அது.

தொழுநோய் ஒரு கிருமியால் வருகிறது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இல் அதைக் கண்டார். முன்வினையோ, தாய் தந்தை செய்த பாவமோ, தெய்வ கோபமோ அதற்குக் காரணமில்லை. மிகவும் மெதுவாகப் பெருகும் கிருமி அது. உள்ளே நுழைந்து அடையாளம் தெரியச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும். மனிதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. திருமணியில் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் 1946-லேயே டாப்சோன் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஆக, நோயின் தொடக்கத்தில் மனத்துக்கு வேலையே இல்லை. மனத்தின் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது.

1947-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து பால் பிராண்ட் என்ற எலும்பு அறுவை மருத்துவர், காக்ரேனைப் பார்க்கச் செங்கல்பட்டுக்கு வந்தார். விரல் மடங்கி நகம்போல் வளைந்த கைகளைக் கண்டார். அந்தக் கைகளில் உயிரே இல்லை, நோய் தின்றுவிட்டது என்றுதான் அன்று மருத்துவர்களும் நினைத்திருந்தார்கள். பிராண்ட் ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார். அந்த மனிதர் அழுத்திய அழுத்தத்தில் பிராண்டுக்குத் தாங்க முடியாத வலி எடுத்தது. சில தசைகள் செயலிழந்திருந்தாலும் மற்ற தசைகளில் முழு வலு இருந்தது. அப்படியானால் நல்ல தசையின் நாணை மாற்றிக் கட்டினால் விரல் மறுபடி நிமிருமே என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் பிறந்தது. பின்னாளில் வேலூரில் அவர் செய்த கை அறுவைகளுக்கெல்லாம் அந்தக் கைப்பிடிதான் ஆரம்பம். அத்தனை காலமும் அந்தக் கையை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்பதும் அப்போது எல்லாரும் நம்பிய செய்தி. கிருமி நரம்பைக் கெடுப்பதால் வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாததால் அடுப்பில் சுட்டாலும், முள் தைத்தாலும், புண்மேலேயே மைல் கணக்கில் நடந்தாலும் நோயாளிக்குத் தெரிவதில்லை என்று பிராண்ட் கண்டுபிடித்தார். இரவில் படுத்து எழுந்தால் விரல் நுனி காணவில்லை என்று சிலர் சொன்னபோது ராத்திரியில் விழித்திருந்து பார்த்தார்கள். எலி கடித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு அங்கிருந்தவர்களுக்குப் பூனைகளை வளர்க்கக் கொடுத்தார்கள். நூற்றாண்டுகளாகச் சாபம் என்று பேசப்பட்டதில் ஒரு பங்கு பூனையால் தீர்ந்தது.

பிராண்ட் தம் நூலில் சொல்லும் இன்னொரு செய்தி மனத்தை வருத்துவது. விரல்கள் நேராக்கப்பட்ட ஒருவர் ஊருக்குப் போய்விட்டு வந்து, பிச்சை எடுக்க இந்தக் கை உதவவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாராம். மடங்கிய கைக்குக் காசு விழுந்தது. நிமிர்ந்த கைக்கு விழவில்லை. ஆனால் வேலையும் யாரும் கொடுக்கவில்லை, குடியிருக்க இடமும் கொடுக்கவில்லை. கை குணமாகிவிட்டது. ஊரார் மனம் குணமாகவில்லை.

இங்கேதான் கேள்விக்கு விடை இருக்கிறது. தொழுநோயில் தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் முதலில் வரும். அரிக்காது, வலிக்காது, தொட்டால் உணர்வு குறைவாக இருக்கும். அந்தக் கட்டத்தில் மருந்து எடுத்தால் ஊனம் ஏதுமின்றிச் சுகமாகலாம். ஆனால் தேமலைப் பார்த்தவருக்கு முதலில் வருவது பயம். மகள் கல்யாணம் நின்றுவிடுமோ, வேலை போய்விடுமோ, பந்தியில் பக்கத்தில் உட்காருவார்களோ என்ற பயம். முழுக்கைச் சட்டை போட்டு மறைக்கிறார். திருவிழாவுக்கு வருவதைக் குறைக்கிறார். வீட்டில்கூடத் தனியாகச் சாப்பிடுகிறார். இப்படி ஒன்றிரண்டு ஆண்டு போவதற்குள் நரம்பு கெட்டு, கை மடங்கி, கால் புண்ணாகிவிடுகிறது. அந்த ஊனத்துக்குக் கிருமி பாதிக் காரணம், ஒளித்து வைத்தது மீதிக் காரணம். ஒளித்தவர் அவர்தான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஒளிக்க வைத்தது யார்?

பயத்தோடும் கவலையோடும் இருக்கும் உடல் தன்னையே சரிசெய்துகொள்ளத் திணறும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு 1995-இல் வெளிவந்தது. மறதி நோய் வந்த உறவினரை ஆண்டுக்கணக்கில் தனியே பார்த்துக்கொண்டு களைத்துப்போன 13 பெண்களையும், அந்தச் சுமை இல்லாத 13 பெண்களையும் எடுத்து, எல்லார் கையிலும் ஒரே அளவில் சிறு காயம் செய்து ஆறவிட்டார்கள். சுமையுள்ளவர்களுக்குக் காயம் ஆற ஏறத்தாழ 9 நாட்கள் கூடுதலாக ஆயின. அவர்கள் கெட்ட எண்ணம் எண்ணியவர்கள் அல்லர். அன்போடு பணிவிடை செய்தவர்கள். தாங்குவதற்குத் துணை இல்லாததுதான் அவர்கள் காயத்தை ஆறவிடாமல் வைத்தது.

செங்கல்பட்டுக்குக் கிழக்கே, மாமல்லபுரம் கடலோரத்தில், கிருமியே இல்லாமல் பயம் மட்டும் உடலை வாட்டிய காலமும் ஒன்று இருந்தது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த ஆழிப்பேரலை தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் என்று அந்தக் கரை முழுவதையும் தாக்கியது. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மறுபடியும் அலை வரலாம் என்று அரசு எச்சரிக்கை வந்தபோது தமிழகக் கடலோர மக்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்று அலை வரவில்லை. பயம் மட்டும் போகாமல் தங்கிவிட்டது. உடம்பில் காயம் இல்லாதவர்களுக்கும் தூக்கம் போயிற்று, நெஞ்சு படபடத்தது, வயிறும் தலையும் வலித்தன. பிறந்தது முதல் கடலில் கிடந்தவர்கள் கட்டுமரத்தைத் தொடத் தயங்கினார்கள். பெங்களூரு நிமான்ஸ் மருத்துவர்கள் அப்போது செய்த பெரிய வேலை, உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுவீடாகப் போய் உட்கார்ந்து பேச வைத்ததுதான். இழந்ததைச் சொல்லி அழுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. கடலுக்குப் போக, கூடவே இறங்கும் இன்னொருவர் வேண்டியிருந்தது.

அய்யா செய்ததை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் அதன் ஆழம் கூடுதலாகத் தெரிகிறது. இன்னார் இன்னாரிடமிருந்து இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த திருவிதாங்கூரில், நெற்றியைத் தொட்டு நாமம் சாத்தும் முறையை அய்யா ஏற்படுத்தினார். முத்திரிக்கிணற்றில் எல்லாரையும் ஒன்றாகக் குளிக்க வைத்தார். துவையல் தவசில் 700 குடும்பங்களைக் கடற்கரையில் ஒன்றாகத் தங்கவைத்து, ஒரே உணவும் ஒரே ஒழுங்குமாக வாழச் செய்தார். தலையில் துணி கட்ட உரிமையில்லாதவனைத் தலைப்பாகை கட்டி வழிபட வைத்தார். பள்ளியறைக் கண்ணாடியோ இதில் தனிச் சிறப்புடையது. முகத்தில் தடிப்பும் புருவத்தில் முடி உதிர்வும் வந்தவர் முதலில் வெறுப்பது கண்ணாடியைத்தான். அய்யா வழியில் அவர் அந்தக் கண்ணாடி முன்னால்தான் கைகூப்பி நிற்கிறார். அதில் தெரியும் முகத்துக்குள் இறைவன் இருக்கிறார் என்பதே அங்கே வழிபாடு. பேய் பிடித்தது, தெய்வக் குற்றம் என்று பயந்து கிடந்த சனங்களுக்கு, பேயை எரித்தாயிற்று, இனி அஞ்ச வேண்டியதில்லை என்று உறுதி கொடுத்ததும் இதோடு சேர்ந்ததே. பயம் போனால் மனிதன் தன் புண்ணைப் பிறரிடம் காட்டுவான்.

அய்யா மண்ணும் பதமும் கொடுத்தே நோய் தீர்த்தாரே, மாத்திரை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. பதத்தை யாருக்குக் கொடுத்தார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். வைத்தியரின் வாசலில் கால் வைக்க முடியாதவர்களுக்கு, காசும் சாதியும் கேட்காமல், பக்கத்தில் அழைத்துத் தம் கையால் கொடுத்தார். மருந்தை நம்பாதே என்று சொல்லி அவர் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. பதம் குடித்தவர் மருத்துவமனைக்கும் போகலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. பதத்தைக் காட்டி மருத்துவமனைக்குப் போவதைத் தடுப்பவர்தான், அய்யா பெயரால் ஒருவரின் நரம்பு கெடுவதற்குத் துணை போகிறார்.

கலி என்பது வெளியே கொம்பும் பல்லும் வைத்துக்கொண்டு நிற்கும் உருவம் என்றே சிலர் எண்ணுகிறார்கள். தொழுநோய் விஷயத்தில் அது சட்டப் புத்தகத்திலேயே குடியிருந்தது. நோயாளிகளைப் பிடித்து அடைக்க 1898-இல் ஆங்கில அரசு போட்ட சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் மணவிலக்குக் கேட்கலாம் என்ற விதியை எடுக்க 2019 வரை ஆயிற்று. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து முழுமையாகக் குணப்படுத்தும் முறையோ 1980-களிலேயே வந்துவிட்டது. கிருமிக்கு மருந்து வந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும், குணமான மனிதரைக் கைவிடச் சட்டம் இடம் கொடுத்துக்கொண்டிருந்தது. சட்டம் மாறியபின்னும், இனிமம் வாங்க நீட்டிய மடங்கிய கையில் படாமல் எட்டிப் போடும் கைகள் தாங்கல்களிலும் இல்லாமலில்லை.

உடம்பில் உணர்ச்சி குறைந்த தேமல் இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். மருந்து இலவசம், நோயின் அளவைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட வேண்டும். மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும். மாத்திரை சாப்பிடுகிறவர் உகப்படிப்புக்கு வரலாம், பணிவிடை செய்யலாம், அன்னதர்மப் பந்தியில் நடுவில் உட்காரலாம், பரிமாறவும் செய்யலாம். நாமம் சாத்தும் பணிவிடையாளர் மற்றவர்களுக்கு வைப்பதைப் போலவே அவர் நெற்றியிலும் விரல் பட வைக்கலாம்.