பின்னோக்கி ஓடாத கடிகாரம்

நாடுகாணியில் என்னிடம் லேப்டாப்பைக் கொண்டுவருபவர்கள் அடிக்கடி சொல்லும் புகார், "மணி தப்பா காட்டுது." எவ்வளவு தப்பு என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் எதுவும் கெடவில்லை. ஒரே கணினியில் இருக்கும் விண்டோஸும் லினக்ஸும் உள்ளே ஓடும் கடிகாரத்தை வேறு வேறாக வாசிக்கின்றன. ஒன்றுக்கு அது இந்திய நேரம், மற்றதற்கு உலகப் பொது நேரம். பல வருடம் பின்னால் போயிருந்தால் போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். நாளுக்குச் சில விநாடி நழுவினால் அது குவார்ட்ஸ் படிகத்தின் சுபாவம்.

திருத்த கெர்னலுக்கு இரண்டு வழி. ஒன்று, ஒரே தாவலில் சரியான மணிக்குப் போவது. இன்னொன்று, யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடி ஈடுகட்டுவது. இதற்கு லினக்ஸின் வழக்கமான உச்சவரம்பு விநாடிக்கு அரை மில்லிவிநாடி. ஒரு விநாடிப் பிழை தீரவே 33 நிமிடம் ஆகும். ஏன் இத்தனை பொறுமை? பழைய நேரத்தை நம்பி எத்தனையோ நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மணி திடீரென்று பின்னால் போனால் சற்றுமுன் சேமித்த கோப்பு நாளைக்குரியதாகிவிடும்.

கெர்னலுக்குள் இன்னொரு கடிகாரமும் உண்டு, பெயர் மோனோடானிக். இப்போது மணி என்ன என்பது அதற்குத் தெரியாது. எவ்வளவு நேரம் கழிந்தது என்பது மட்டும்தான் தெரியும். முதல் கடிகாரத்தை எங்கே தாவவைத்தாலும் இது தாவாது, ஒருபோதும் பின்னால் போகாது. அதனால்தான் நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு பாலபாடம்: கழிந்த நேரத்தை அளக்க முதல் கடிகாரத்தை நம்பாதே.

அநீதியைத் திருத்துவது பற்றிப் பேசும்போது நாம் இந்தப் பாடத்தை மறந்துவிடுகிறோம் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்து டான்டீ தோட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் அரசு தொடங்கிய திட்டம் அது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இலங்கையில் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல் வந்தது.

முதல் கடிகாரம் சரியாகிவிட்டது; இன்றைய தேதியில் அவர்கள் குடிமக்கள். இரண்டாவது கடிகாரம் 55 வருடம் என்று காட்டுகிறது. 1948இல் பிறந்த குழந்தைக்கு அப்போது 55 வயது. குடியுரிமையை முன்தேதியிட்டே கொடுத்தாலும், போடாமல் போன ஓட்டை இனிமேல் போட முடியாது.

அப்படியானால் திருத்தம் வீணா? இல்லை. திருத்தாத கடிகாரம் நாளைய நாளையும் கெடுக்கும். கணினி மணி பழைய தேதியில் நின்றால் நல்ல இணையதளத்தின் சான்றிதழைக்கூட 'இன்னும் செல்லாது' என்று உலாவி தள்ளிவிடுகிறது. திருத்தியே ஆகவேண்டும். ஆனால் "அதான் சரி பண்ணியாச்சே, இன்னும் என்ன?" என்று கேட்பவர், ஒரு கடிகாரத்தைக் காட்டி இன்னொன்றின் கேள்விக்குப் பதில் சொல்கிறார். இப்போது எது சரி என்பது ஒரு கேள்வி. எவ்வளவு காலம் தப்பாக இருந்தது என்பது வேறு கேள்வி.

ஒரு அரசிடமோ தனிமனிதரிடமோ நான் எதிர்பார்ப்பது கழிந்ததைத் திருப்பித் தருவதை அல்ல, அது யாராலும் ஆகாது. முதல் கடிகாரத்தைத் திருத்திய கையோடு, இரண்டாவதையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும்: இத்தனை வருடம் என்று.