எல்லைக்கோடும் வாய்மையும்

நீலகிரி மாவட்டத்துத் தேவாலா, மூன்று மாநிலங்கள் கூடும் மலைப்பகுதியைச் சார்ந்த ஊர். தேயிலைத் தோட்டங்களில் உழைப்போர் பலர் வாழும் இவ்வூருக்குக் கேரளத்துச் சுல்தான் பத்தேரி அண்மையிலுள்ளது. கோயம்புத்தூருக்கோ மலையிறங்கிச் செல்லவேண்டும். ஆதலின், இங்குள்ள மாணவர் எல்லைக்கு அப்பாலுள்ள அரசுக் கல்லூரிகளை நாடுவது இயல்பே. ஆயின், ஒரு மாநில அரசு தன் நிதியிலிருந்து அளிக்கும் உதவித்தொகை பெரும்பாலும் அம்மாநிலத்தில் வாழ்வோர்க்கே உரியது. அந்நிலையில், "அங்குள்ள உறவினர் முகவரியில் ஓர் இருப்பிடச் சான்று வாங்கிவிடு" என்னும் அறிவுரை எளிதில் வந்து சேர்கிறது. இஃது அறமாகுமா?

அவ்வறிவுரையை முற்றும் இகழ்ந்து ஒதுக்குதல் இயலாது. தேவாலா 1877 வரை மலபார் மாவட்டத்து வயநாட்டின் ஒரு பகுதி. அவ்வாண்டில்தான் நீலகிரியுடன் இணைக்கப்பட்டது. வயநாடும் 1956 அக்டோபர் முடியச் சென்னை மாநிலத்திலேயே இருந்தது. இக்கோடுகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே நம் சமயத்தார் இம்மலைநாட்டில் வாழ்ந்தனர் என்பதற்குப் பத்தேரியின் பழைய ஜினாலயம் சான்று. நேற்று மனிதர் வரைந்த கோடு இன்று ஓர் ஏழைப் பிள்ளையின் கல்வியை மறிக்கலாமா என்று கேட்பதில் நியாயம் உண்டு.

இவ்வினா நீதிமன்றத்திலும் எழுந்ததே. இந்தூர் மருத்துவக் கல்லூரியில் வெளிமாநிலத்தார்க்கு மட்டும் தனிக்கட்டணம் விதித்ததை எதிர்த்து, டெல்லியைச் சேர்ந்த மாணவர் ஒருவர் உச்சநீதிமன்றம் சென்றார். பிறந்த இடம் வேறு, வாழும் இடம் வேறு எனப் பிரித்து, அக்கட்டணம் செல்லும் என 1955இல் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில் அந்நீதிமன்றமே மருத்துவக் கல்வியில் இருப்பிட ஒதுக்கீட்டிற்கு வரம்பு கட்டியது. முதுநிலை மருத்துவப் படிப்பில் அவ்வொதுக்கீடு செல்லாதென 2025 ஜனவரியில் மீண்டும் உறுதி செய்தது. 1955இல் வழக்காடிய மாணவர் தம் ஊரை மறைக்கவில்லை. விதியை வெளிப்படையாக எதிர்த்தார், தோற்றார். எனினும் அவர் எழுப்பிய வினா மறையவில்லை. நியாயமற்ற விதியை மாற்ற முயல்வது ஒன்று. பொய்த்தாள் கொண்டு அதனைக் கடப்பது வேறொன்று.

இல்லறத்தார்க்குரிய வாய்மை விரதத்தின் குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தாகக் கூறும். அவற்றுள் ஒன்று கூடலேகக்கிரியை, அதாவது பொய்யான பத்திரம் எழுதுதல். பொய்யான இருப்பிடச் சான்று இதனுள் அடங்காதோ? கள்ளாமை விரதமும் இங்குப் பழுதுபடுகிறது. உதவித்தொகைகள் எண்ணிக்கையால் வரையறுக்கப்பட்டவை. ஒருவர் உரிமையின்றிப் பெறும் தொகை மற்றொருவர்க்கு இல்லையாகிறது. அவர் வயநாட்டுத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகளாக இருக்கலாம். அவர் முகத்தை நாம் ஒருநாளும் காணப்போவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத உயிர்க்கும் தீங்கு நேராவண்ணம் நீரை வடிகட்டிப் பருகும் நாம், கண்ணிற்படாத இம்மாணவிக்கு நேரும் தீங்கைப் பொருட்படுத்தாதிருத்தல் தகுமோ?

இவ்வளவும் கூறி நிறுத்திக்கொண்டால், அது வசதியுள்ளோர் வறியவர்க்குச் செய்யும் உபதேசமாகவே முடியும். "பொய் எழுதாதே" என்பவர், அதனை எழுதத் தூண்டும் வறுமையையும் நோக்கவேண்டும். நேரிய வழிகள் சில உள்ளன. மைய அரசின் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர் உதவித்தொகை, பன்னிரண்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற, குடும்ப வருமானம் குறைந்த மாணவர்க்கு அவர் தேறிய கல்வி வாரியத்தைக் கொண்டு வழங்கப்படுகிறது; இளநிலைப் பட்டப்படிப்பிற்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். இதனைப் பற்றி உரிய காலத்தில் எடுத்துச்சொல்ல ஆளின்றி இழப்போர் பலர். விவரம் அறிந்தவர் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தை நிரப்பித் தந்தால், அதுவும் தானமே.

நம் அறநூல்கள் போற்றும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. அது மாநிலம் கேட்பதில்லை. இருப்பிடச் சான்றும் கேட்பதில்லை. அரசுக்கு எல்லை வேண்டும். வரி அளிப்போர்க்கு அது கணக்குக் காட்டவேண்டும். ஈகைக்கு அத்தகைய எல்லை இல்லை. பொய்ச்சான்று வேண்டாம் என மறுத்ததால் உதவியை இழந்து நிற்கும் ஒரு பிள்ளை நம் ஊரில் இருப்பின், அப்பிள்ளை தன் விரதத்தைக் காத்துவிட்டது. இனி அதன் கல்வியைக் காப்பது நம் கடன்.