எண்ணமும் உழைப்பும்

எண்ணம் பெரிதா, உழைப்புப் பெரிதா என்ற வினா பழையது. இன்று அது புதிய உருவில் நம் வகுப்பறைகளுக்குள் நுழைந்திருக்கிறது. களுபோவிலயிலும் வெள்ளவத்தையிலும் வாழும் உயர்தர வகுப்பு மாணவர் சிலர், கணினி விளையாட்டுகளை ஆடுவதோடு அமையாது, தாமே ஒன்றைப் படைக்க வேண்டுமெனக் கனவு காண்கின்றனர். அவர்களிடம் கதை உண்டு; மாந்தர் உண்டு. ஆயினும் அவற்றை வெளியே சொல்ல அஞ்சுகின்றனர். "சொன்னால் களவெடுத்துப் போடுவினம், சேர்" என்பதே அவர்கள் கூறும் காரணம்.

இதனை இளமையின் பேதைமை என்று ஒதுக்கிவிடலாகாது. எண்ணமே செல்வம், அதனை உடையவனே உரிமையாளன், உழைப்போ கூலிக்குக் கிடைக்கும் சரக்கு என்று இச்சமுதாயம் நாள்தோறும் ஓதும் பாடத்தையே அவர்கள் ஒப்புவிக்கின்றனர். நமது நாட்டின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டங்கூட, பதிப்புரிமையின் பாதுகாப்பை வெறும் எண்ணத்துக்கு வழங்கவில்லை. உருப்பெற்ற ஆக்கத்துக்கே அதனை வழங்குகிறது.

1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்திலே மார்க்ஸ் தேனீயையும் கட்டடக் கலைஞனையும் ஒப்பிடுகிறார். எத்துணைத் திறமையற்ற கலைஞனும் தேனீயினும் மேம்பட்டவன். ஏனெனில் கட்டடம் முதலில் அவன் மனத்தில் எழுகிறது. இதனை எடுத்துக்காட்டுவோர் பலர் இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றனர். மார்க்ஸ் நிற்கவில்லை. வேலை முடியும்வரை அந்நோக்கத்துக்குத் தன் விருப்பத்தைப் பணியவைக்கும் இடையறாத கவனமும் வேண்டும் என்று அவர் தொடர்கிறார். மனத்தில் எழுந்த மாளிகையில் எவரும் குடியிருக்க இயலாது.

கணினி விளையாட்டின் வரலாறு இதற்குச் சான்று. 1961இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சூழ்ந்த இளைஞர் சிலர், இரு விண்கலங்கள் பொருதும் விளையாட்டொன்றைக் கற்பனை செய்தனர். அதனை எழுத முன்வந்த ஸ்டீவ் ரசல், சைன், கோசைன் கணிப்புக்குரிய நிரல் தம்மிடம் இல்லையென்று காலங் கடத்தினார். நண்பர் அலன் கோட்டோக் அந்நிரலைக் கணினி உற்பத்தியாளரிடம் பெற்று வந்து அவர் கையிற் கொடுத்தார். 1962இல் 'ஸ்பேஸ்வார்' பிறந்தது. பீற்றர் சாம்சன் அதன் பின்னணிக்கு மெய்யான வானத்தின் விண்மீன்களைக் கொணர்ந்தார். டான் எட்வட்ஸ் ஈர்ப்புவிசையைச் சேர்த்தார். இதில் எது எவருடைய எண்ணம் என்று பிரித்தறிதல் அரிது. ரசல் தம் கற்பனையைப் பூட்டி வைத்திருப்பின், கோட்டோக் எதனைத் தேடிச் சென்றிருப்பார்?

நமக்கு நெருங்கிய சான்றும் ஒன்றுண்டு. ரொறன்ரோவிலுள்ள விசை என்னும் சிறு குழு, அபி என்ற தமிழ் இளைஞரின் தலைமையில் உருவாக்கிய 'வெண்பா' 2023 யூலையில் வெளிவந்தது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தியின் கதை அது. ஆடுபவர் எவரையும் சுடுவதில்லை. தாய்வழி வந்த சமையற் குறிப்பேட்டின் சிதைந்த பக்கங்களை ஊகித்து நிரப்புகிறார்; இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது, பிட்டுக் குழலை எவ்வாறு நிரப்புவது என்று கண்டறிகிறார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இச்சிறு படைப்பு, 2024இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கழகமான பாஃப்டாவின் அறிமுகப் படைப்புக்குரிய விருதையும், சுயாதீன விளையாட்டு விழாவின் முதற்பரிசையும் வென்றது.

அதன் கருப்பொருளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். இட்டலித் தட்டை அடுக்கும் நுட்பத்தைக் கண்டவர் யார்? பெயர் பொறிக்கப்படாத பெண்கள் தலைமுறை தலைமுறையாக அடுப்படியில் ஆற்றிய உழைப்பே அங்கு கலையாயிற்று. தனக்கே உரியதென ஒருவன் கருதும் எண்ணத்தின் வேரைத் தோண்டினால், பிறருடைய கைகளே தென்படும். பிறரிடமிருந்து பெற்றதைப் பிறருக்கு மறைப்பது எவ்வகை நியாயம்?

ஆயினும், "உழை, உயர்வாய்" என்று மாணவனுக்கு உபதேசித்து அமர்ந்துவிடுவதும் நேர்மையன்று. வள்ளுவர் வினைத்திட்பத்துக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் என்பது உண்மை. ஆனால் 2022இன் நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்டில், கணினி வாங்க வழியற்ற வீட்டுப் பிள்ளையிடம் திட்பத்தை மட்டும் கேட்பது கொடுமை. மாலை முழுவதையும் ரியூசன் வகுப்புகள் விழுங்குகின்றன. பாடசாலை மணி அடித்ததும் கணினி அறைக்குப் பூட்டு விழுகிறது. கருவியை மறுத்துவிட்டு, "நீ சோம்பேறி" என்று பழிப்பவர், உழைப்பின் பெயரால் உழைப்பையே அவமதிக்கின்றனர்.

ஆதலின் கடமை இரு பாலது. மாணவன் தன் எண்ணத்தைச் சுருக்கவேண்டும். நூறு நகரங்களை விட்டு ஒரு தெருவை எடுக்கவேண்டும். அதன் விதிகளைத் தாளில் வரைந்து, மூன்று தோழரை அமர்த்தி ஆடிப்பார்க்க மின்சாரமும் வேண்டியதில்லை. வரைபவள், இசையமைப்பவன், பிழை காண்பவன் ஆகிய அனைவரையும் உதவியாளராகவன்றிப் பங்காளராக எண்ணி, அவர்தம் பெயர்களையும் பொறிக்கவேண்டும். ஆசிரியரும் பெற்றோரும் அந்தப் பூட்டைத் திறப்பிக்கவேண்டும். விளையாட்டு உருவாக்குவதற்கான 'கோடோ' என்னும் மென்பொருள், 2014 முதல் மூலநிரலோடு எவருக்கும் இலவசமாகத் திறந்து கிடக்கிறது. உலகெங்குமுள்ள முன்பின் அறியாதோர் பலர் கூடி வளர்த்துவரும் கருவி அது. எண்ணத்தைப் பகிர்ந்தால் அழிந்துபோவோம் என்ற அச்சத்துக்கு அதனினும் தக்க மறுமொழி வேறில்லை.

எவருடைய எண்ணம் என்ற வழக்கு நீடிக்கட்டும். அதற்குள் நம் பிள்ளைகள் தம் தெருவின் வாழ்வை ஒரு சிறு விளையாட்டாகவேனும் செய்து முடிக்கட்டும்.